பத்ரிநாத் வீட்டு லக்சரி

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்காவது தன் வீட்டில் தான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிடுவது என்று, தை பிறந்ததுமே பத்ரிநாத் சபதம் எடுத்துவிட்டார். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பழங்காநத்தத்தில் சொந்த வீடு, சொந்தக் கட்டில், தலைக்கு மேலே ஒரு ஃபேன். ஆனால் கள்ளழகர் மலையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, பரமக்குடியிலிருந்து மனைவி ராதாமணியின் அண்ணன் ஹரிஷ்குமார் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். அழகராவது ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புவார். மச்சான் அதற்கப்புறமும் உட்கார்ந்து மோர் கேட்பார். போன வருஷம் பத்ரிநாத் அடுப்படியில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்.

வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? ராதாமணி இருக்கிறாளே. அந்த வீட்டில் பேச்செல்லாம் சௌராஷ்டிராவில் நடந்தாலும் சண்டை மட்டும் தமிழில்தான். தெருக்காரர்களுக்கும் புரிய வேண்டாமா என்பது அவள் கொள்கை.

பசுமலையில் ஒரு நண்பரின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போன இடத்தில் அவருக்கு வழி பிறந்தது. ஹாலில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, மூலையில் ஜாடிக்குள் ஒரு காய்ந்த குச்சி. நம் வீட்டில் இருந்தால் வெந்நீர் அடுப்புக்குப் போயிருக்கும். அங்கே அதற்குத் தனி லைட். வந்தவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் காபியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடினார்கள். பத்ரிநாத்துக்குப் புல்லரித்தது. சொந்தக்காரர்களை விரட்ட இதைவிட நல்ல மருந்து கிடைக்காது.

மறுநாளே அந்த வீட்டை வடிவமைத்த டிசைனர் அழகுராஜாவை அழைத்து வந்துவிட்டார். அவன் ஹாலின் நடுவே கண்ணை மூடி நின்று, வீடு மூச்சுத் திணறுகிறது என்றான். லக்சரி என்பது பொருளைச் சேர்ப்பதில்லையாம், கழிப்பதாம். காலி இடம்தான் அசல் லக்சரியாம். இருக்கிறதைத் தூக்கி வெளியே போடுவதற்கும் படித்த ஆள் தேவைப்படுகிற காலம் இது.

ராதாமணியிடம் சொல்லும் முன் பத்ரிநாத் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு வந்தார்.

"ராதா, லக்சரின்னா என்னன்னு நினைச்ச? தனிமை. நாலு பேரு இடைஞ்சல் இல்லாம இருக்கிறது. அதான் கட்டிலு, பீரோ, பரண்ல கிடக்குற பாய், தலகாணி அம்புட்டையும் கழிச்சுருவோம்."

"செய்யுங்க. நடுச்சுவரு மட்டும் எதுக்கு? அதையும் எடுத்துட்டா ஹாலு இன்னும் லக்சரியா இருக்குமில்ல" என்றாள் அவள்.

பத்ரிநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படித் தலையாட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் கேட்டதையெல்லாம் செய்தார். ஏசி பெரிதாக இருக்க வேண்டும் என்றாள், போட்டார். லக்சரி வீட்டுக்கு ஒரு குளியலறை போதாது என்றாள், இன்னொன்று கட்டினார். தரைக்குக் குளுகுளுவென்று பளிங்கு பதித்தார். மூலைக்குக் குச்சியும் வந்தது. தன் பங்குக்கு ஒரே ஒரு சோபா கேட்டார், அதுவும் எவனும் காலை நீட்டிப் படுக்க முடியாத அளவில். தனக்கு மட்டும் ஒரு மெத்தையைச் சுருட்டி ஒளித்து வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்தான்.

சித்திரை வந்தது. அழகர் புறப்பாட்டுக்கு முந்தின நாள் மதியம் வாசலில் ஒரு வேன் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஹரிஷ்குமார் இறங்கி உள்ளே வந்தார். பின்னால் வந்த ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு ஜமுக்காளம் இருந்தது.

"ராதா வீடியோ அனுப்புனப்ப நான் நம்பல மாப்ள. எம்புட்டு இடம்! போன தடவ கட்டிலும் பீரோவும் அடைச்சுக்கிட்டு கிடந்துச்சுன்னு சித்தப்பா வீட்டு ஆளுகள ஊர்லயே விட்டுட்டு வந்தோம். இந்த வருஷம் ஒருத்தர் பாக்கியில்லாம கூட்டியாந்துட்டேன்."

அப்போதுதான் பத்ரிநாத்துக்கு உறைத்தது. இவர்கள் என்றைக்குக் கட்டிலில் படுத்தார்கள்? அழகரைப் பார்க்க வருகிற கூட்டம் ஆற்று மணலிலேயே படுக்கும். இத்தனை வருஷமும் பாதிப் பேரைப் பரமக்குடியிலேயே தடுத்து வைத்தது அந்தக் கட்டிலும் பீரோவும்தான். அந்தக் காவலைத் தன் கையாலேயே எடுத்தெறிந்துவிட்டு ஏசியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஜமுக்காளங்கள் சுவருக்குச் சுவர் விரிந்தன. யாரோ குச்சியில் ஈரத் துண்டைக் காயப் போட்டார்கள். வந்த நாளிலிருந்து அந்தக் குச்சி செய்த முதல் வேலை அது.

பத்ரிநாத் அடுப்படிக்குப் போனார். ராதாமணி அண்டா நிறைய மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

"லக்சரின்னா தனிமைன்னு நீங்கதான சொன்னீங்க. மொட்டை மாடியில ஏற்பாடு பண்ணியாச்சு. ஒரு இடைஞ்சலும் இருக்காது."

"என் மெத்தை?"

"பரண் மூலையில ஒளிஞ்சிருந்துச்சே, அதா? அண்ணனுக்கு இடுப்பு வலி. போட்டுக் குடுத்துட்டேன்."

அவர் மாடி ஏறினார். கொளுத்துகிற வெயிலில் அந்தச் சோபா தனியாக உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு பேர் படுக்கிற இடத்தை அடைக்கிறதென்று தூக்கி வந்து போட்டிருந்தார்கள். பத்ரிநாத் அதில் சாய்ந்து பார்த்தார். ஒருக்களித்துப் பார்த்தார். எப்படிப் படுத்தாலும் காலை நீட்ட முடியவில்லை. டிசைனரிடம் அளவு சொல்லிச் செய்யச் சொன்னது அவரேதான்.