கோபுரம் தெரிகிற தூரம்

பேரரசின் வரைபடத்தை நாலாக மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் சுனைநாடு என்றொரு நாடு இருந்தது. தலைநகரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நாடு இல்லை, ஒரு மூலை. ஆனால் அந்த மூலையில் இருந்தவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அடேயப்பா! கோழி கூவுவதற்கு முன்னால் தொடங்குவார்கள். மாட்டோடு பேசுவார்கள், மரத்தோடு பேசுவார்கள், சந்தையில் பூசணிக்காயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் விலை கேட்பார்கள். சுனைமொழிக்குச் சொந்த எழுத்தும் உண்டு. ஆற்று மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டன.

அவர்களை வாயடைக்க வைப்பது ஒன்றே ஒன்றுதான். பெரியது எதைக் கண்டாலும் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது அந்த நாட்டு வழக்கம். கொம்பன் யானை போனாலும் அப்படி, மன்னரின் தேர் போனாலும் அப்படி. அது கண்ணிலிருந்து மறைகிறவரை ஒரு சொல் பேசமாட்டார்கள். மரியாதை என்றால் அவர்களுக்கு அதுதான். இதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை. பெரியவை எல்லாம் வரும், போகும். எதுவும் தங்கியதில்லை.

இவர்களுக்கு நெடுநாளாய் ஓர் ஏக்கம். பேரரசின் பல்கலைக்கழகத்தில் ஊர் உலகத்து மொழிகளுக்கெல்லாம் இடம் இருந்தது, சுனைமொழிக்கு மட்டும் இல்லை. "எங்க பேச்சுக்கும் ஒரு வாசலத் தொறந்து விடுங்க சாமி" என்று பாட்டன் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன்னர் விசயகேது பட்டத்துக்கு வந்த வருஷம் அந்தக் குரல் ஒருவழியாக அரண்மனைக்குள் நுழைந்தது.

"மொழி என்பது யாது?" என்று மாமன்னர் சபையில் கேட்டார். அமைச்சர்கள் கைதட்டினார்கள். "ஒரு கட்டடம் இல்லாத மொழி, மொழியாகுமா?" என்று மறுபடியும் கேட்டார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். "ஆகவே கட்டுவோம்" என்றார்.

பல்கலைக்கழகத்தின் சுனைமொழிக் கிளை பிறந்த கதை இதுதான். கல்தச்சர் சன்னாசியின் மேற்பார்வையில் உள்ளூர்க்காரர்களே அதைக் கட்டினார்கள். சாரத்தில் நின்றபடி ஓயாமல் வம்பளந்துகொண்டே கட்டினார்கள். சன்னாசியின் மனைவி குருவம்மா அப்போது நிறைமாத கர்ப்பிணி. கஞ்சி கொண்டுவந்தவளிடம், "நம்ம புள்ள இந்த வாசல்ல நொழஞ்சு நம்ம பேச்சுலயே படிக்கப் போவுது, பாரு" என்று சன்னாசி சொன்னார். "மொதல்ல அது பேசட்டும், அப்புறம் படிக்கட்டும்" என்று குருவம்மா சிரித்தாள். ஆசை அவளுக்கும் இருந்தது.

சாரம் பிரித்த அன்றைக்கு ஊரே கூடியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு கட்டடம் அந்தத் திசையிலேயே கிடையாது. வெள்ளைக்கல் தூண்கள், அதற்குமேல் மாடம், மாடத்துக்குமேல் பொன்தகடு போர்த்த கோபுரம். வெயில் படும்போது பார்த்தால் கண்ணில் நீர் முட்டும். ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வலது கைகள் தாமாக எழுந்து வாயைப் பொத்தின. கட்டிய சன்னாசியின் கையும் எழுந்தது. மறையட்டும், பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். அது மறையவில்லை. கட்டடம் எங்கே போகும்?

கிளைக்குத் தலைமை தாங்கத் தலைநகரிலிருந்து சகலகுணாகரர் என்பவர் வந்தார். அவருடைய பதவிக்குக் கிளைநாயகம் என்று பெயர். முதல் வேலையாகச் சுனைமொழி கற்பிக்கச் சுனைநாட்டுக்காரர்களையே தேர்வுக்கு அழைத்தார். தேர்வு கோபுரத்தடியில், திறந்த முற்றத்தில் நடந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"பேசுக" என்றார் கிளைநாயகம். நின்றார்கள். "ஏதேனும் ஒரு சொல்லாவது பகர்க" என்றார். நின்றார்கள். மரியாதை பொங்கிக் கண்கள் மட்டும் பளபளத்தன.

"இந்நாட்டில் சுனைமொழி அறிந்தார் எவரும் இலர்" என்று கிளைநாயகம் மாமன்னருக்குத் தெரிவித்தார். அத்தனை பதவிகளிலும் தலைநகரத்து ஆட்கள் அமர்ந்தார்கள். அவர்களுக்குச் சுனைமொழி தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்காததால் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. ஆனாலும் மொழியின் அழிவைப் பற்றி மாநாடு கூட்டினார்கள், அதன் தொன்மையைப் பற்றி மலர் வெளியிட்டார்கள். கிளை வளர்ந்துகொண்டே போனதைப் பார்க்க உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

கோபுரம் தெரிகிற தூரத்தில் சந்தை ஊமையானது. விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் சைகை காட்டினார்கள். கீழத்தெருவில் ஒருவருடைய பசு கிணற்றில் விழுந்தபோது அவரால் கூப்பாடு போட முடியவில்லை. ஆள் ஆளாகத் தோளைத் தொட்டு அழைத்துவருவதற்குள் பசு போய்விட்டது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால்தான் பேச்சு. அதனால் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

மொழி நலிவதை அறிந்து மாமன்னர் மனம் வருந்தினார். "கோபுரத்தை இன்னும் உயர்த்துங்கள். எட்டாத ஊருக்கும் அதன் ஒளி எட்டட்டும்" என்று ஆணையிட்டார். உயர்த்தினார்கள். அதுவரை வாயாடிக்கொண்டிருந்த அடுத்த ஊரும் அதற்கடுத்த ஊரும் அமைதியாயின. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. வீட்டுக்குள் இருந்த பேச்சும் போனது. இரவில் உச்சியில் பெருவிளக்கு ஏற்ற ஆணை வந்தது. இருட்டில் இருந்த பேச்சும் போனது. ஒவ்வோர் ஆணைக்குப் பிறகும் கிளைநாயகம், "நிலைமை மேலும் கவலைக்கிடம், கிளையை மேலும் விரிவாக்குக" என்று சொல்லி அனுப்பினார். அவர் பொய் சொன்னவர் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

இதற்கிடையில் குருவம்மாவுக்குப் பெண் பிறந்திருந்தது. செவந்தி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குத்தான் வழியில்லை. குழந்தை கண் விழித்தால் அம்மா முகத்தில் கண்ணும் மூக்கும் இருக்கும், அதற்குக் கீழே கை இருக்கும். முகம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று அதுவும் பொத்திக்கொள்ளப் பழகியது. குருவம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஊர்க்கோடியில் அடர்ந்த புளியந்தோப்பு ஒன்று உண்டு. அதற்குள் நின்றால் கோபுரம் தெரியாது. தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுவாள்.

"இது புளி. வாயில வச்சா புளிக்கும். அது ஓணான், தலைய ஆட்டுது பாரு. நான் அம்மா. எங்க சொல்லு, அம்மா!"

அவளைப் போலவே ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தோப்புக்கு வந்தார்கள். தோப்பே சந்தைக்கடை மாதிரி இரைந்தது. செவந்தி ஒருநாள் "ம்மா" என்றது. குருவம்மா அதைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி ஆடினாள். அடுத்த வாரம், கோபுரத்தின் அழகை மறைப்பதாகச் சொல்லித் தோப்பை வெட்டிவிட்டார்கள்.

பிறகு ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசிப் பார்த்தார்கள். பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு இல்லையே! பெரியவர்களுக்கு அது ஓரளவு சரிப்பட்டது. வழியில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டே நலம் விசாரித்தார்கள். குருவம்மாவுக்குத்தான் சரிப்படவில்லை. குழந்தை எதையோ காட்டும். இவள் கண்ணை மூடியிருந்தால் எதைக் காட்டுகிறது என்று தெரியாது. கண்ணைத் திறந்தால் சொல்ல முடியாது. அந்த வழியும் நீடிக்கவில்லை. கிளையின் எதிரே கண் மூடுவது அவமதிப்பு என்று பறையறைந்தார்கள். செவந்தி சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒரு "ம்மா"வும் நின்றுபோனது. ஐந்து வயதுக் குழந்தை, வாய் திறந்து ஒரு சத்தம் கிடையாது. பெற்றவள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

கிளையின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு மாமன்னர் நேரில் வந்தார். நாடு முழுவதும் கோபுரத்தடியில் கூடியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவ்வளவு பெரிய அமைதியை மாமன்னர் எங்கும் கண்டதில்லை. மெய்சிலிர்த்துப்போனார்.

"இத்தனை பெரிய மாளிகை எழுப்பியிருக்கிறோம். உள்ளே இருக்கிற மொழியை ஒருமுறை காதால் கேட்க விரும்புகிறோம்" என்றார்.

கிளைநாயகத்துக்கு வியர்த்தது. பேராசிரியர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"மாமன்னா, சுனைமொழி மிக ஆழமானது. சட்டென்று மேலே வராது" என்றார் கிளைநாயகம்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் முன்வரிசையில் செவந்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தது. அந்தக் கையாலேயே கோபுரத்தைக் காட்டி, "ம்?" என்றது.

கேட்டுவிட்டது! பிறந்ததிலிருந்து முதல் முறையாக அந்தக் குழந்தை ஒன்றைக் கேட்டுவிட்டது. எதிரே கோபுரம், பக்கத்தில் மாமன்னர், சுற்றிலும் ஈட்டியோடு காவலர்கள். இன்றைக்குப் பதில் சொல்லாவிட்டால் இது இனிமேல் எதையுமே கேட்காது என்று குருவம்மாவுக்குப் பட்டது. அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அது ஒண்ணுமில்ல கண்ணு. வெறும் கட்டடம். உங்கப்பன் கட்டுனது."

அந்த வெட்டவெளியில் அவள் குரல் கணீரென்று கேட்டது. அத்தனை காலத்துக்குப் பிறகு திறந்த வெளியில் கேட்ட பேச்சு அது. கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

மாமன்னர் எழுந்து நின்றுவிட்டார். "ஆகா! என்ன இனிமை! என்ன சொல்கிறாள் இவள்?"

கிளைநாயகம் ஒரு கணம்தான் தயங்கினார். "மாமன்னா! 'வானளாவும் புகழே, எம் குலத்தின் தந்தையே, நீடூழி வாழ்க' என்று தங்களை வாழ்த்துகிறாள்."

மாமன்னரின் கண்ணிலும் நீர் வந்தது. "இந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் தலைவாசலின் மேல் பொறியுங்கள். பொன் எழுத்தில் பொறியுங்கள். இதை அழிப்பவன் தலை உருளும்!" என்று ஆணையிட்டார்.

பொறிக்க வேண்டியவர் சன்னாசி. ஊரில் நல்ல கல்தச்சர் அவர் ஒருவர்தான். அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். வாயிலிருந்து கையை எடுத்து, "அப்படியேவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மன்னர் உத்தரவுல்ல? சொன்னத சொன்னபடி வெட்டு" என்றாள் குருவம்மா.

வெட்டினார். மறுநாள் காலையில் தண்ணீருக்குப் போன பெண்கள் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு இடுப்பில் குடம் நிற்காத அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தையில் பழையபடி பேரம் கேட்டது, சாயந்திரத்துக்குள் மூன்று வீட்டில் சண்டையே வந்துவிட்டது. செவந்தி பேச ஆரம்பித்தது. ஐந்து வருஷத்து மிச்சம் மீதியையும் சேர்த்துப் பேசியது. "கொஞ்சம் மூச்சு விடுடி" என்று குருவம்மா கெஞ்ச வேண்டியிருந்தது.

செத்த மொழிக்கு உயிர் கொடுத்ததற்காக மாமன்னர் கிளைநாயகத்துக்கு 'மொழி மீட்ட பெருந்தகை' என்று பட்டம் சூட்டினார். பேரரசின் மற்ற நாடுகளும் தங்கள் மொழிக்கு இதேபோல் ஒரு கோபுரம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. அமைச்சர்களும் அறிஞர்களும் மாதம் தவறாமல் தலைநகரிலிருந்து இதைக் காண வந்தார்கள்.

அப்படி ஒரு கூட்டம் வந்திருந்த நாளில் குருவம்மா மகளோடு அந்த வழியாகச் சந்தைக்குப் போனாள். பட்டாடை உடுத்திய பெரிய மனிதர்கள் தலைவாசலின் முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். பொன் எழுத்துகளை அண்ணாந்து பார்த்தபடி, பேச்சு மூச்சில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஏம்மா இவங்கெல்லாம் இப்படி நிக்கிறாங்க?" என்று செவந்தி ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டது.

"படிக்கத் தெரியாதவங்க கண்ணு, பாவம். நீ நட" என்றாள் குருவம்மா.