பொலோன்யாவுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கிரின்ஸ்டெட், டென்மார்க்
மாசி மாதம், வழக்கம்போல் காற்று

அன்புத் தங்கை சரோஜினிதேவிக்கு அண்ணன் சிவபாலன் எழுதிக்கொள்வது. இங்கே மழையையும் காற்றையும் தவிர மற்ற எல்லாரும் நலம். டோஸ்ட்ருப்பில் நீயும் மச்சானும் மகள் அஜந்தினியும் நலமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வசனம் சொல்லுமுன் நீ மூன்று வசனம் சொல்வாய் என்பதால் எழுத்தில் இறக்கிவிடுகிறேன்.

அஜந்தினியின் வகுப்பு ஐந்து நாள் இத்தாலியில் பொலோன்யா நகரத்தைப் பார்க்கப் போகிறதாம், மச்சான் இன்னும் ஓம் சொல்லவில்லையாம், போன வருடம் எங்கள் சயந்தினி அதே ஊருக்குப் போய்வந்தபடியால் அனுப்பலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அனுப்பாதே. காரணத்தைக் கேள்.

முதலில் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் றொபேட் என்ற வாத்தியார். வெளியே பனி கொட்டுகிறது, அந்த மனிதர் அரைக்காற்சட்டையோடு வந்து நிற்கிறார். தன் உடம்பையே பார்க்கத் தெரியாதவர் என் பிள்ளையைப் பார்ப்பாரா? படம் போட்டுக் காட்டினார். அந்த ஊரில் ஒரு கோபுரம் தொள்ளாயிரம் வருடமாகச் சரிந்தே நிற்கிறதாம். எங்கள் ஊரில் மதில் ஒரு சாண் சரிந்தால் கட்டிய மேசனை றோட்டில் தலைகாட்ட விடமாட்டார்கள், இவர்கள் அதைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். நான் கையைத் தூக்கி, இரவில் பிள்ளைகளுக்கு யார் காவல் என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, அவர்களுக்குப் பதினேழு வயது, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். சுற்றியிருந்த தாய் தகப்பன் ஒருவராவது திடுக்கிட வேண்டுமே! கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, நீங்கள் காவல் வைக்காவிட்டால் நான் வைக்கிறேன் என்று முடிவெடுத்தேன். உலகத்தில் எந்த ஊரில்தான் எங்கள் ஆட்கள் இல்லை? உன் அண்ணியின் சின்னம்மா மகன் கஜதீபன் பொலோன்யாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். சயந்தினி அவனை நேரில் கண்டதில்லை. அவனுக்கு அவளுடைய படத்தை அனுப்பி, பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் போ, நேரத்துக்கு நேரம் எனக்குச் சொல் என்றேன். பாவி, வேலைக்கு லீவு போட்டுவிட்டு இறங்கினான்.

அந்த ஊரைப் பற்றிக் கஜதீபன் சொன்னதைக் கேள். ஊர் முழுக்க விறாந்தையாம், தெருவுக்குத் தெரு தூணாம். ஒளிந்து நிற்க அதைவிடத் தோதான ஊர் உலகத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஊரிலேயே பிடிபட்டான் என்றால் அவனுடைய கெட்டித்தனத்தை யோசித்துப் பார். எங்கள் ஆட்களுக்கு வேறு நாட்டுக்குக் கதைப்பதென்றால் கத்த வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஓம் அத்தான், இப்ப ஐஸ்கிறீம் குடிக்கிறாள், ஜக்கெற் போடேல்லை" என்று அந்தத் தெருவே அதிரக் கத்தியிருக்கிறான். டெனிஷ் பிள்ளைகள் வாய் திறக்காதவர்கள், ஆனால் கண் மூடாதவர்கள். யாரோ ஒருவன் இரண்டு நாளாகப் பின்னால் வருகிறான் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்கள்.

நான் தொழிற்சாலையில் தலையில் வலைத்தொப்பியோடு நின்று அத்தனையையும் போனில் கேட்கிறேன். றொபேட்டும் வகுப்பில் இரண்டு தடியன்களும் அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பொலிஸும் வந்துவிட்டது. இவன் பதற்றத்தில் பொலிஸிடம் தமிழிலும் எனக்கு இத்தாலி மொழியிலும் கதைக்கிறான். அவன் அத்தான், அத்தான் என்று கத்தியதிலேயே அனுப்பியது யார் என்று பிடித்துவிட்டாள் போல, அப்போதுதான் சயந்தினியின் குரல் கேட்டது.

"மாமா, அப்பாட்டைச் சொல்லுங்கோ, நான் சாப்பிட்டிட்டன், ஜக்கெற்றும் போட்டிட்டன் எண்டு."

வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிறவள், தங்கச்சி! இத்தாலி நடுத்தெருவில் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ்! பிறகு அவளே வாத்தியாருக்கு டெனிஷிலும் பொலிஸுக்கு ஏதோ தெரிந்த இத்தாலியிலும் விளங்கப்படுத்தி அவனை மீட்டுவிட்டாள். யாருக்கு யார் காவல் என்று எனக்கே விளங்கவில்லை.

அதோடு விட்டானா? "அத்தான், வாத்தியார் பாவம், நல்லாப் பயந்துபோனார். வீட்டை கூட்டிக்கொண்டு போய் ஒரு வாய் சாப்பாடு குடுக்கிறன்."

"எத்தினை பேருக்கடா?"

"வகுப்பு முழுக்கத்தான்."

அன்றைக்கு ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டிய வகுப்பு, கஜதீபனின் வீட்டுப் படிக்கட்டில் குந்தியிருந்து புட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டது. றொபேட் கண்ணால் மூக்கால் ஓட ஓட இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாராம். இத்தாலியின் சரித்திரம் என்ன படித்தீர்கள் என்று திரும்பி வந்த பிள்ளைகளைக் கேட்டால் நண்டு உடைக்கிற விதத்தைச் சொல்கிறார்கள்.

இவ்வளவோடு முடிந்ததென்றால் நான் இந்தக் கடிதம் எழுதமாட்டேன். பார்க்காமல் விட்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்கே படிக்கப் போகப்போகிறேன் என்று சயந்தினி இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோப்பை கழுவும்போதும் இத்தாலிப் பாடம்தான். முதலில் ஐந்து நாள் என்பார்கள், பிறகு ஐந்து வருடம் என்பார்கள். ஆகவே என் முடிந்த முடிவு, அஜந்தினியை அனுப்பக் கூடாது. இதை மச்சானுக்கும் உரத்து வாசித்துக் காட்டு. பிள்ளை நல்லாய் இருக்கட்டும், டோஸ்ட்ருப்பிலேயே நல்லாய் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மைக்காகவே கோபப்படும் அண்ணன்,
சிவபாலன்

பின்குறிப்பு: இது தனித் துண்டு, உனக்கு மட்டும். கஜதீபன் அனுப்பிய படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சயந்தினி வாய்விட்டுச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கு வயிறும் எரிந்தது, பெருமையாகவும் இருந்தது. அஜந்தினி கட்டாயம் போக வேண்டும். ஆனால் நான் அனுப்பு என்று எழுதினால் மச்சான் அனுப்பமாட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன எதைத்தான் அவர் மறுக்காமல் விட்டார்? அதனால்தான் மேலே அவ்வளவும் எழுதினேன். வாசித்து முடிய, "என்ர பிள்ளையை மறிக்க உன்ர கொண்ணன் ஆர்?" என்று அவர் எழும்பிக் கத்துவார். நீ கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஓம் என்று சொல்.