பிஸ்கட் லைனும் என் எம்.பி.ஏ.வும்

எம்.பி.ஏ. படித்தவர்கள் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நானும் படித்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

மின் பொறியியல் முடித்த கையோடு வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் நான். அப்பாதான் தடுத்தார். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். "மேல இருந்து பாத்தாத்தாம்மா எல்லாம் தெரியும். மொதல்ல எம்.பி.ஏ. முடி, அப்புறம் மெஷின்கிட்ட போ" என்றார். (அவருக்கு எல்லா விஷயமும் கிரேன் உயரத்திலிருந்துதான்.) இரண்டு வருடம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் போய்வந்து படித்தேன்.

பிறகு கிள்ளானிலேயே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் ப்ரொபேஷன். கூடப் படித்தவர்களெல்லாம் சீனியர் ஆகிவிட்டார்கள். இதிலும் நிரந்தரமாகாவிட்டால் யார் முகத்தில் விழிப்பது என்று உண்மையிலேயே பயந்தேன்.

இரண்டாவது வாரம். மேலாளர் மிஸ்டர் லிம் வெளியே கிளம்பும்போது, நாலு மணிக்குச் சரக்கு ஏற்ற லோரி வரும், லைனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையெல்லாம் மாவு. லேப்டாப் பையை வாகாக ஓரிடத்தில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். பிஸ்கட் ஓடும் பெல்ட் நின்றிருந்தது.

லைன் லீடர் பத்மா அக்கா ஓடி வந்தார். பதினைந்து வருடமாக அங்கே இருப்பவர். "மிஸ், எதுக்கு..."

"ஒரு நிமிஷம்க்கா. காரணம் தெரியாம யாரும் எதையும் தொடக் கூடாது."

எல்லோரையும் வெள்ளைப் பலகைமுன் கூட்டினேன். கோளாறுக்குக் காரணம் தேட வகுப்பில் கற்ற மீன்முள் படத்தை வரைந்து, மனிதர், இயந்திரம், பொருள், முறை என்று முள்முள்ளாக எழுதினேன்.

"மிஸ் மீன் வரையறாங்க லா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பத்மா அக்கா கையைத் தூக்கினார். "எல்லாருக்கும் டர்ன் வரும்க்கா" என்றேன். மோட்டாருக்கு மின்சாரமே வரவில்லை என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து, அதைப் பெருமையோடு பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அவர் மறுபடியும் கையைத் தூக்கினார். அதற்குள் அடுப்பில் மாட்டிக்கொண்ட பிஸ்கட்டுகள் கருகி வாசம் தூக்கியது.

அந்த வாசத்தோடு மிஸ்டர் லிம்மும் உள்ளே வந்தார். யார் லைனை நிறுத்தியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

பத்மா அக்கா விரலை நீட்டினார். "மிஸ்ஸோட பேக், பாஸ்."

பெல்ட் நெடுக ஓடிய சிவப்புக் கயிற்றில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆபத்தென்றால் இழுத்து லைனை நிறுத்தும் கயிறு அது. இழுத்தவரேதான் விடுவிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. (இதைப் பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்களாம். நான் அப்போது அந்த வகுப்பை எப்படி மேம்படுத்தலாம் என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.)

"ஏங்க்கா சொல்லல?" என்றேன்.

"கையத் தூக்கினேன், டர்ன் வரும்னீங்க. பெரிய படிப்பு படிச்சவங்க, வேணும்னுதான் நிறுத்தி ஏதோ டெஸ்ட் பண்றீங்கன்னு நெனச்சோம் மிஸ்."

பையை எடுத்தேன், கயிற்றை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினேன், பெல்ட் ஓடியது. வெட்கத்தில் செத்தே போனேன். லோரி அண்ணன் இரண்டு கிளாஸ் தே தாரிக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நான் பத்மா அக்கா பக்கத்தில் நின்று பெட்டி பெட்டியாக அடுக்கினேன். அந்த லைனைப் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பாதி, அன்று அடுக்கிக்கொண்டே அவரிடம் கேட்டது.

மூன்று மாதம் முடிந்ததும் மிஸ்டர் லிம் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உன் பை எங்கே?" லாக்கரில் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த லைனே என் பொறுப்பில்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வீட்டில்தான் நிம்மதியில்லை. கரண்ட் போனால்கூட அம்மா சமையலறையிலிருந்து, "ஏய், பைய எங்கடி மாட்டின?" என்று கத்துவார். அப்பா ஒருபடி மேலே போய், கூடத்தில் என் எம்.பி.ஏ. சான்றிதழுக்குக் கீழே புதிதாக ஓர் ஆணி அடித்தார். ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்:

"மேல இருந்து நல்லா பாத்துட்டேம்மா. பை மாட்ட இதான் சரியான எடம்."