கேள்விக்கு ஒரு கரண்டி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்க வீட்டுக்காரர் ஒரு பெரிய முடிவெடுத்தார்.

"கனகம், இனிமே நான் யோசிக்கப் போறதில்ல. எல்லாத்தையும் ஏஐ யோசிக்கும்."

இத்தனை வருசம் இவர் யோசிச்சதை நான் பார்த்தவள். அதனால முதல்ல சந்தோசமாத்தான் இருந்தது.

ஆனா மனுசன் போனைக் கீழே வைக்கலை. மீன்காரம்மா வாசல்ல நிற்க, "நகரை மீனு வாங்கவா, பாறை மீனு வாங்கவா?"ன்னு போன்கிட்ட கேட்பார். நம்ம இராமநாதபுரத்துல அதிசயமா மழை கொட்டும். ஜன்னலைத் திறக்காம, "மழை பெய்யுதா?"ன்னு அதுக்கிட்டயே கேட்பார். தெருவுல நல்ல தண்ணி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். "இரு, பதில் வந்துக்கிட்டிருக்கு" என்பார். இடுப்பு வலியோட நான்தான் குடம் தூக்கணும்.

ஒருநாள் சென்னையிலிருந்து மகள் சத்யப்பிரியா போன் பண்ணினா. "அம்மா, அந்த ஏஐ மிஷினுக்குக் கரண்டு நிறைய வேணும். சூடு தணியத் தண்ணியும் செலவாகும்."

"ஏங்க, ஒரு கேள்விக்கு எவ்வளவு தண்ணியாம்?"

அதையும் போன்கிட்டயே கேட்டார். "சில சொட்டுங்குறாக. மிஞ்சிப்போனா ஒரு கரண்டி. ஆளுக்கொரு கணக்கு."

"எங்கன இருந்து எடுக்குதாம்?"

"யார் ஊர்லயோ. ஒனக்கென்ன?"

குடத்தை வரிசையில போட்டுட்டு வெயில்ல நிக்கிறவளுக்கு அது பொறுக்கலை. மறுநாள் அவர் கேள்வி கேட்கக் கேட்க, அவர் டீக்கு எடுத்துவச்ச நல்ல தண்ணியில கேள்விக்கு ஒரு கரண்டி மோந்து கருவேப்பிலைச் செடிக்கு ஊத்தினேன். சாயங்காலம் டம்ளர் அடியில கிடந்த டீயைப் பார்த்து அலறினார்.

"என்னடி இது, தீர்த்தமா?"

"நீங்க கேட்டது போக மிச்சம்."

"சொட்டுத்தானடி சொன்னேன்!"

"யார் ஊர்லயோ போனா சொட்டு. ஒங்க டீயில போனா மட்டும் குடமா?"

அடுத்த நாள் தந்திரம் பண்ணினார். "மழை வருமா, கத்திரிக்கா என்ன விலை, என் முட்டி ஏன் வலிக்குது, மருமகன் ஏன் பேசமாட்டேங்குறார்?" எல்லாம் ஒட்டுப்போட்ட ஒரே கேள்வி. மூச்சு வாங்கிச்சு பாவம். நான் சின்னக் கரண்டியை வச்சிட்டுப் பெரிய குழம்புக் கரண்டியை எடுத்தேன்.

அன்னைக்கு டீயே இல்லை. மனுசன் போனை பீரோவுல வச்சுப் பூட்டிட்டார். முருகா, புத்தி குடுத்தியேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

பார்த்தா, சிரிச்சுக்கிட்டே என் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இனிமே ஒங்கிட்டயே கேட்குறேன், கனகம். ஒனக்குக் கரண்டும் வேணாம், தண்ணியும் வேணாம். சொல்லு, முடிவெட்ட இன்னைக்குப் போகவா, நாளைக்குப் போகவா?"

வாசல்ல தண்ணி வண்டி ஹாரன் அடிச்சது. நான் எழுந்து போய்க் குடத்தை எடுத்து அவர் கையில கொடுத்தேன்.

"தண்ணி வேணாம்னு யார் சொன்னா? எனக்குக் கேள்விக்கு ஒரு குடம்."