காசிக்கு ரெண்டு டிக்கெட்

பொங்கல் முடிந்ததும் ஒரு வாரம் ராஜாவாக வாழ்வது என்று தீர்மானித்திருந்தேன். ராஜா என்றால் கிரீடமெல்லாம் வேண்டாம். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் என் வீட்டு ஃபேனை என் கையால் அஞ்சில் வைக்க வேண்டும். ஈரத் துண்டைக் கட்டிலில் போட வேண்டும். அதை எடுக்கச் சொல்ல ஒரு ஜீவன் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். எங்கள் வீட்டில் ஃபேன் ரெண்டுக்கு மேல் ஓடியதில்லை. "சளி பிடிக்கும்" என்பாள் என் மனைவி பிரேமலதா. யாருக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் எனக்குச் சனி பிடிக்கும்.

இந்த யோகம் அடித்தது என் மாமியார் புண்ணியத்தில். மண்ணச்சநல்லூர் பக்கம் வாழைத்தோப்பும் வயலுமாக இருக்கிற மாரியாயி அத்தைக்குக் காசியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிரேமா தன் ஃபோனிலேயே டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமாங்க?"

"போட்டா நல்லாத்தான் இருக்கும். லீவு கிடைக்கணுமே."

"கேட்டீங்களா?"

"கேட்டேனாவா! ரெங்கராஜ் சார் கால்ல விழாத குறை. மனுஷன் மசியலையே!"

சுத்தப் பொய். நான் கேட்கவே இல்லை. ரெங்கராஜ் சார் ஃபேக்டரியில் என் மேலதிகாரி. லீவு லெட்டரைக் கண்டாலே அவருக்குக் காது சிவந்துவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த நல்ல பெயரை நான் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் நவநீதன் இல்லையே!

"பாவம்ங்க நீங்க. காசிக்குப் போகணும்னு ரொம்ப ஆசையோ?"

"என்ன பிரேமா இப்படிக் கேட்டுட்டே! நேத்து கனவுல கங்கை வந்துச்சு. அத்தைக்கு வேற முட்டி வலி. நான் மட்டும் வந்தா, படித்துறையில ஒவ்வொரு படியாக் கைத்தாங்கலா இறக்கிவிடுவேன். அவங்க எனக்கு வெறும் அத்தையா? அம்மா!"

பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதிரில் முறம் நிறைய வெங்காயம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"சரிங்க. நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துல நாதஸ்வரக் கச்சேரி. கூட்டிட்டுப் போறீங்களா?"

வேறு சமயமாக இருந்தால் கச்சேரி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றது. தாராளமாக வா என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்து ராஜாவாகப் போகிறவன் ஒரு நாள் கச்சேரிக்கு அழுவானா?

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்தேன். காட்டூர் நெரிசலில்கூட எனக்குக் கோபம் வரவில்லை. காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என்னை அறியாமல் விசிலடித்தேன்.

"என்னங்க, விசிலெல்லாம் பலமா இருக்கு?" என்றாள் பின்னாலிருந்து.

"துக்கம் பிரேமா. நீ இல்லாம எப்படி இருக்கப் போறேனோ! வாய் தானாக் குவியுது."

"அப்படியா?" என்றாள். அவள் அதோடு விட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

சித்திரை வீதியில் மண்டபம். நாதஸ்வரக்காரர் அருமையாகத்தான் வாசித்தார் என்று பிரேமா சொன்னாள். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு இல்லை, ஃபேனுக்கு. பிறகு ரெண்டு தவில்காரர்களும் தனியாக வாசிக்க ஆரம்பித்தார்கள். இந்தத் 'தனி' தொடங்கியதும் பாதி ஆம்பளைகள் எழுந்து கேன்டீனுக்குப் போவது கச்சேரி உலகில் எழுதாத சட்டம். பொம்பளைகள் சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நானும் சட்டத்தை மதித்து எழுந்தேன்.

கேன்டீன் வாசலில், கையில் வாழைப்பூ வடையோடு ரெங்கராஜ் சார்.

"என்ன நவநீதன்! நீங்க கச்சேரிக்கெல்லாம் வருவீங்களா?"

"வீட்ல ஆசைப்பட்டாங்க சார்."

"அவங்களும் வந்திருக்காங்களா? வாங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடுறேன்."

இவரும் பிரேமாவும் எதிரெதிரே நின்றால் என் ராஜ்ஜியம் அம்பேல். 'எங்க வீட்டுக்காரருக்கு ஏன் சார் லீவு தரலை?' என்று முகத்துக்கு நேராகக் கேட்கிற ஜாதி அவள். தனி முடியும்வரை மனுஷனை இங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். அப்புறம் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம்.

"சார், கீரை வடை சூடா வருது."

"இப்பதானேய்யா வடை சாப்பிட்டேன்!"

"அது வாழைப்பூ சார். இது கீரை. உடம்புக்கு நல்லது."

சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"சார், சுகியன்!"

"எனக்கு சுகர் இருக்குய்யா."

"பாதி சார். மீதியை நான் சாப்பிடுறேன்."

அப்படிப் பாதி பாதியாக ஒண்ணரை சுகியன் சாப்பிட்டார். அதன் மேல் ரெண்டு காபி. தவில் காதைப் பிளந்தது. நான் அவருக்கும் மண்டப வாசலுக்கும் நடுவே இடம் மாறி மாறி நின்றேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, இத்தனை மூளையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்தேன்!

"போதும்ப்பா, விஜயராணி தேடுவா" என்று சார் கடைசியில் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

விஜயராணி யார்? சாருடைய சம்சாரம். எங்கே இருக்கிறார்? என் சீட்டில்! பிரேமாவும் அவரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒண்ணாம் கிளாஸிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். நான் ஆம்பளையைக் காவல் காத்தேன். பொம்பளையைக் கோட்டை விட்டேன்.

"ஏங்க," என்றார் விஜயராணி மேடம், "இவருக்கு லீவு தரமாட்டேன்னீங்களாமே?"

"நானா? எப்போ?" என்றார் சார்.

பிரேமாதான் புகுந்தாள்.

"சார் மேல தப்பில்ல மேடம். இவர் கேட்டிருக்கவே மாட்டார். அவ்வளவு கூச்சம். சார் முகத்தைப் பார்த்ததும் பயந்து திரும்பி வந்திருப்பார். ஆனா மனசுக்குள்ள மருகுறார் சார். எங்கம்மாவைக் கைத்தாங்கலாப் படி இறக்கணுமாம். கனவுல கங்கையே வருதாம்!"

முன்வரிசையில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் திரும்பினார். "பெருமாள் அனுக்ரஹம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்க அந்த மாமியார் என்ன பாக்யம் பண்ணினாளோ" என்றார். நாலு பேர் என்னை எட்டிப் பார்த்தார்கள்.

விஜயராணி மேடம் சாரை முறைத்தார். "கேட்டுக்குங்க. எங்கம்மாவை சமயபுரம் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை வருஷமாக் கேக்குறேன். கூப்பிடு தூரம். இங்க ஒரு மனுஷன் காசிக்கே கிளம்புறார்!"

ஃபேக்டரியே நடுங்குகிற ரெங்கராஜ் சார் முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன். நம்ம ஆள்தான் போலிருக்கிறது. "லீவு எடுத்துக்குங்க நவநீதன்" என்றார் அவசரமாக. "பத்தலைன்னா அங்கேருந்தே ஒரு ஃபோன் போடுங்க. நீட்டிக்கலாம்."

அப்போதும் நான் மனம் தளரவில்லை. கடைசித் துருப்பு என் கையில் இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி சார். ஆனா என்ன பண்றது, டிக்கெட் ரெண்டுதானே இருக்கு. இனிமே எங்க கிடைக்கப் போவுது! எனக்குக் கொடுப்பினை இல்ல."

"ஏங்க இல்ல?" என்றாள் பிரேமா. "என் டிக்கெட்ல நீங்க போங்க. குடும்பத்துக்குள்ள பேர் மாத்திக்கலாமாம். விசாரிச்சுட்டேன். காலையில ஜங்ஷன் கவுன்ட்டருக்குப் போய் நானே மாத்திட்டு வந்துடுறேன்."

"ஐயையோ, நீ ஆசைப்பட்டது பிரேமா!"

"பரவாயில்லைங்க. கங்கை உங்க கனவுலதானே வந்துச்சு. என் கனவுல வரலையே!"

விஜயராணி மேடம் கண் கலங்கினார். நாமக்காரப் பெரியவர் கைகூப்பினார். அந்த நேரம் பார்த்துத் தவில்காரர்களின் தனி முடிய, மண்டபமே கைதட்டியது. யாருக்கென்று எனக்குப் புரியவில்லை.

புதன்கிழமை ஜங்ஷனில் ரயில் ஏறினோம், நானும் மாரியாயி அத்தையும் எட்டு பைகளும். பிரேமா பிளாட்பாரத்தில் நின்றாள். நான் இல்லாமல் என்ன செய்வாளோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே வருத்தப்பட்டேன். அவள் ரயில் நகர்வதற்கு முன்னாடியே டாட்டா காட்ட ஆரம்பித்துவிட்டாள். நகர்ந்ததும் திரும்பிப் போனாள். அந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ரயில் காவிரியைத் தாண்டியது. அத்தை ஒரு பையைத் திறந்து, புத்தம் புது ஸ்வெட்டர் ஒன்றை என்னிடம் நீட்டினார். நீலக் கலர்.

"மாட்டிப் பாருங்க மாப்ளே. அங்க குளிரு ஆளைத் தூக்கிருமாம்."

மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எனக்கே மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்!

"மூணு நாள் அவகாசத்துல அலைஞ்சு வாங்கியிருக்கா பாருங்க அத்தே. எப்பப் போய் வாங்கினா?"

"தீபாவளித் தள்ளுபடியில, மாப்ளே" என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வீட்ல இருந்தா உங்க கண்ணுல பட்டுரும்னு எங்கிட்ட குடுத்து வச்சிருந்தா."