சொர்க்கப் பாறையைக் கண்டுபிடித்தவன்

வேலையில்லாதவனுக்குத்தான் இணையத்தில் ஓய்வே கிடையாது. டிகிரி முடித்துவிட்டு மூணாறு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு, வேலை விளம்பரம் தேடக் காலையில் பத்து நிமிடம் போதும். மீதிப் பகலெல்லாம் போன் மேப்பில் புதுப்புது இடங்களைச் சேர்ப்பதிலேயே ஓடும். (சம்பளம் கிடையாது. நட்சத்திரம் தருவார்கள்.)

கோயில், டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் தீர்ந்துபோனதும், வீட்டுக்குப் பின்னால் அம்மா துணி காயப்போடும் பாறையைப் பாவாடை தெரியாமல் படம் எடுத்து, 'சொர்க்கப் பாறை வியூ பாயின்ட்' என்று ஏற்றிவிட்டேன். ஒரே வாரத்தில் பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் சுற்றுலா ஜீப்புகள் வந்தன.

"ஏலே, எவனோ நம்ம பாறையில ஏறி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கான்! ஈரத்துணிய நான் எங்க போட?" என்று அம்மா கத்தினாள். நான் உள்ளே உட்கார்ந்து, அவன் எத்தனை நட்சத்திரம் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (நாலு. 'துணிகள் மறைக்கின்றன' என்று குறை வேறு.)

அந்தத் திங்கட்கிழமைதான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலைக்கு எனக்கு நேர்காணல். ஃபேக்டரியில் அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட் வேலை இருந்தால்தான் லயத்து வீடு தங்கும். "வாய அடக்கிப் பேசு. வீடு ஒன்னைய நம்பித்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார் அப்பா.

மலையாளி மேனேஜர் ஒரு மணி நேரம் தாமதமாக, முகம் சிவக்க வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் என்ன செஞ்சே?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "சும்மா இருக்கல சார். இந்த எடத்தக் கண்டுபிடிச்சு மேப்புல போட்டதே நான்தான். தெனம் இருவது ஜீப்பு வருது சார்!"

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எடோ, அந்த இருபது ஜீப்புக்கு நடுவுலதான் நான் இப்ப ஒரு மணிக்கூர் கிடந்தது."

வீடு போச்சு என்றே நினைத்தேன். அங்கேயே, அவர் கண்ணெதிரே, 'இப்படி ஓர் இடமே இல்லை' என்று மேப்புக்கு நானே புகார் எழுதினேன். மேப்புக்காரர்கள் அதை நீக்க மறுத்துவிட்டார்கள். அத்தனை பேர் நின்று படம் எடுத்த இடமாம்!

கிளார்க் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. எனக்கும் அன்றே ஒரு வேலை போட்டுக் கொடுத்தார் மேனேஜர்: ரோட்டு முக்கில் சிவப்புக் கொடியோடு நின்று, வருகிற ஜீப்புகளையெல்லாம் திருப்பி அனுப்புவது. வீடு தங்கியது.

மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அப்பா இன்றும் சலிக்காமல் சொல்கிறார்: "ரெண்டு வருஷம் சும்மாவே ஊரையெல்லாம் வா வான்னு கூப்பிட்டான். இப்ப சம்பளத்துக்குப் போ போங்கான்."