ஒட்டிய காது, ஒட்டாத காது

கல்யாணம் முடித்த நாளிலிருந்து தாழ்வுபாட்டுப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் அமிர்தநாயகம் எடுத்த தீர்மானங்களிலேயே பெரியது இதுதான்: மனைவி மாக்கிறட்டின் தம்பி பெனடிக்ற் இந்த முறை முன்னறையில் காலை நீட்டக்கூடாது!

பெனடிக்ற் கெட்டவன் இல்லை. இலுப்பைக்கடவையில் ஷெல் விழத் தொடங்கிவிட்டது, ஊரைவிட்டு வெளிக்கிடப் பாஸ் கிடைத்ததும் வாறன் என்று ஆளனுப்பியிருந்தான். பாவந்தான். ஆனால் போன சண்டைக்கு வந்தவன் அடுத்த சண்டை வரைக்கும் இருந்துவிட்டான். கண் விழித்தால் றேடியோ, கண் மூடும்வரை அரசியல். வெளியே இரண்டு தரப்புகள் சண்டை பிடித்தன. வீட்டுக்குள்ளே அவன் ஒருத்தனே இரண்டு தரப்புக்கும் பேசினான்.

'வராதே' என்று சொன்னால் மாக்கிறட் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிடுவாள். கடைசியில் கைகொடுத்தவை, முன்னறைச் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் குடியிருந்த வௌவால்கள்.

"மாக்கிறட், முன்னறையைப் பூட்டவேணும்."

"ஏனப்பா? தம்பிக்குக் கூட்டித் துடைக்கப் போறன்."

"கூட்டவே கூடாது! மேல இருக்கிறது சும்மா வௌவால் இல்லை. மற்றதுகளுக்கு வால் சவ்வுக்குள்ள மறைஞ்சிருக்கும். இதுகளுக்கு எலிவால் மாதிரி வெளியில நீட்டிக்கொண்டிருக்கு. அதில எந்த இனம் எண்டு நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் அங்க ஒருத்தரும் போகேலாது."

"எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

"நெத்தியில ரண்டு காதும் ஒட்டியிருந்தா ஒரு இனம். ஒட்டாட்டி வேற இனம்."

"அவ்வளவுதானே!"

பொழுதுபட, வௌவால்கள் வெளிக்கிடும் இடுக்கில் மாக்கிறட் கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலையை விரித்தாள். கொஞ்ச நேரத்தில் துவாயில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து புருஷனின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இந்தாங்கோ, காது."

அமிர்தநாயகம் திடுக்கிட்டுப்போனார். ஆராய்ச்சி மாதக்கணக்கில் இழுபடும் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தார்! கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். காது ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒட்டாதது போலிருந்தது.

"ஒட்டியிருக்கோ, இல்லையோ?"

"ஒட்டியும்... ஒட்டாமலும்."

"வடிவாப் பாருங்கோ. நடுவில தோல் பாலம் போட்டிருக்கு."

"பாலம் மட்டும் போதாது. மேலுதட்டில சுருக்கம் இருக்கவேணும்."

"இருக்கு. உங்கட அக்கா கோவிக்கிற மாதிரி."

"முன்கை எலும்பையும் அளக்கவேணும்."

தையல் நாடா வந்தது. நாலரைச் சென்ரிமீற்றர்.

"அப்ப எந்த இனம்?"

"அந்த அளவு ரண்டுக்கும் பொருந்தும்," என்றார் அமிர்தநாயகம் ஈனக்குரலில்.

அடுத்துப் பிடித்ததற்குக் காது தனித்தனி. அதற்கடுத்ததற்கு உதட்டில் சுருக்கம், காதைப் பார்க்கப்போனால் தலையை ஆட்டியது. பொய்யாகத் தொடங்கிய விஷயத்தில் மனுசனுக்கு உண்மையாகவே சந்தேகம் பிடித்துவிட்டது. தன் காதையே தடவிப் பார்த்துக்கொண்டார்.

மாக்கிறட் வௌவால்களைப் பறக்கவிட்டாள்.

"அப்ப உண்மையிலேயே லேசில பிடிபடாத சாமான்தான்."

"அதைத்தானே சொல்லுறன்! பக்கத்திலயே இருந்து கனகாலம் பாக்கவேணும்."

"ஆரும் பாக்கலாமோ?"

"சே! படிச்ச ஆள் வேணும்."

மாக்கிறட் தலையை ஆட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். இருபது வருசத்தில் முதல் வெற்றி! அமிர்தநாயகம் அன்று இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டுக்குள் றேடியோ சத்தம் கேட்டது. முன்னறையிலிருந்து இல்லை, படுக்கையறையிலிருந்து. எட்டிப் பார்த்தார். அவருடைய கட்டிலில், புது விரிப்பின் மேல் பெனடிக்ற். கட்டிலடியில் ஒரு சாக்குப் பை. ஷெல் விழுந்த அவன் வீட்டில் வேறொன்றும் மிஞ்சவில்லையாம். அதைக் கேட்டபிறகு, எழும்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முன்னறையில் வௌவால்களுக்கு நேர் கீழே அவருடைய பாய், தலையணை, ரோச் லைற், தையல் நாடா.

"என்னப்பா இது?" என்று மாக்கிறட்டைக் கேட்டார்.

"பக்கத்திலயே இருந்து பாக்கவேணும் எண்டனியள். படிச்ச ஆள் வேணும் எண்டனியள். தம்பி பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அவனை நம்பி விடேலுமோ?"

"நான் என்ன சொன்னனான் எண்டா..."

"வௌவாலின்ர வால் வெளியில நிக்கிறதை நீங்கள் இப்பதான் பாக்கிறியள். உங்கட வாலை நான் கல்யாணத்தண்டே பாத்திட்டன்."

மேலே கீச்சுக் கீச்சென்று சத்தம். கழுத்தில் ஏதோ சூடாக விழுந்தது. அதைத் துடைக்கத் துவாய் தேடி வெளியே வந்தார் அமிர்தநாயகம்.

கட்டிலில் படுத்திருந்தபடியே பெனடிக்ற் றேடியோவைக் குறைத்தான்.

"அத்தான், அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. வௌவால் மணம் தாங்கேலாமக் கிடக்கு."